அடுக்குத் தீப்பாறையைக் கீழிருந்து மேலே வாசிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டுவார்ஸ் ஆற்றோரத்தில் நிலவியல் மாணவர்கள் தேடிப்போய்ப் பார்க்கும் பாறை முகப்பு ஒன்று உண்டு. வெளிறிய பாறையின் நடுவே கரிய பட்டைகள் ஓடும். சில இடங்களில் ஒரு பட்டை இரண்டாகப் பிரியும், கொஞ்ச தூரம் போய் மறுபடி சேரும். முதல் தடவை பார்க்கிற யாரும் இதை ஆற்று வண்டல் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அங்கே ஆறும் கடலும் எதையும் படியவைக்கவில்லை. கரிய பட்டை குரோமியம் நிறைந்த குரோமைட் என்ற கனிமம், வெளிறியது பெரும்பாலும் பிளாஜியோகிளேஸ் என்ற கனிமத்தாலேயே ஆன அனார்த்தோசைட் பாறை. இரண்டுமே 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதித்துக் கிடந்த பாறைக்குழம்பிலிருந்து, அதாவது மாக்மாவிலிருந்து, பிறந்தவை.

ஒரே குழம்பிலிருந்து இப்படி வெவ்வேறு பாறைகள் எப்படி வந்தன என்பதை ஒரு அடுக்குத் தீப்பாறையைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியும். அதற்கான வழியைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன். வேதியியலில் பள்ளி அளவு பழக்கமும் கூட்டல் கழித்தலும் போதும்.

தொடங்கும் முன் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் கையில் இருக்கும் அடுக்குப் பாறை, மாக்மா அப்படியே உறைந்த வடிவம் அல்ல. மாக்மா கீழே விட்டுவிட்டுப் போன படிகங்களின் குவியல் அது. அதை விட்டுச்சென்ற திரவம் அங்கே இல்லை, மேலே போய்விட்டது. அதனால் 'இது என்ன பாறை?' என்று கேட்டால் மட்டும் போதாது. 'இதை விட்டுச்சென்ற திரவம் எப்படிப்பட்டது? இதை இழந்த பிறகு அது எப்படி மாறியது?' என்று ஒவ்வொரு அடுக்கிடமும் கேட்க வேண்டும்.

முதல் படி: மாக்மா ஒரே வெப்பநிலையில் உறையும் என்ற நினைப்பை விடுங்கள்

தூய நீர் 0 டிகிரியில் உறைகிறது. மாக்மாவுக்கு அப்படி ஒரு புள்ளி கிடையாது. பசால்ட் வகை மாக்மா ஏறக்குறைய 1,200 டிகிரியில் படிகம் விடத் தொடங்கி, 1,000 டிகிரிக்கு அருகில்தான் முழுசாக இறுகும். இந்த 200 டிகிரி இடைவெளியில்தான் நம் கதை முழுவதும் நடக்கிறது.

கடல்நீர் உறைவதை நினைத்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டி உப்பைப் பெரும்பாலும் உள்ளே விடாது. அதனால் மிஞ்சுகிற நீர் இன்னும் உப்பாகிறது. மாக்மாவிலும் இதேதான், ஆனால் ஒரே கனிமத்தோடு நிற்பதில்லை. முதலில் பெரும்பாலும் ஆலிவின் வருகிறது, சில மாக்மாக்களில் அதனுடன் சிறிது குரோமைட்டும் வரும். அப்புறம் பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பாரும் பைராக்சினும் சேரும். எது முந்தும் என்பது மாக்மாவின் சேர்மானத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது. இன்னும் குளிர்ந்தால் மேக்னடைட், இல்மனைட், அபடைட் வரும்.

இதில் ஆலிவினையும் பிளாஜியோகிளேசையும் தனியாகக் கவனியுங்கள். ஆலிவினில் மெக்னீசியமும் இரும்பும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காரும். சூடான மாக்மாவில் பிறக்கும் ஆலிவினில் மெக்னீசியம் அதிகம், குளிரக் குளிர இரும்பு கூடும். அந்த இடங்கள் நூறில் மெக்னீசியத்துக்கு எத்தனை என்பதை ஃபோ எண் என்பார்கள். பிளாஜியோகிளேசில் கால்சியமும் சோடியமும் இப்படி இடம் மாறும். தொடக்கத்தில் கால்சியம் மிகுதி, பிறகு சோடியம் ஏறும். கால்சிய வகையின் பங்கை ஆன் எண் என்பார்கள். மாக்மா என்றோ போய்விட்டாலும் அது எந்த நிலையில் இருந்தது என்பதை இந்த இரண்டு எண்களும் இன்றும் காட்டிக்கொடுக்கின்றன.

இரண்டாம் படி: ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள். பத்து நிமிடம் கையால் கணக்குப் போட்டவருக்கு இது பிறகு மறக்கவே மறக்காது.

100 கிலோ மாக்மா இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் சிலிக்கா 50 கிலோ, மெக்னீசியம் ஆக்சைடு 10 கிலோ, இரும்பு ஆக்சைடு 10 கிலோ, பொட்டாசியம் ஆக்சைடு 0.2 கிலோ. மீதி அலுமினியம், கால்சியம் போன்றவை. இதிலிருந்து 10 கிலோ ஆலிவின் படிகமாகிப் பிரிந்துவிடுகிறது. அந்த ஆலிவினில் சிலிக்கா 40 விழுக்காடு, மெக்னீசியம் ஆக்சைடு 45, இரும்பு ஆக்சைடு 15. எடையை விட்டு அணுக்களின் எண்ணிக்கையில் பார்த்தால் ஃபோ எண் ஏறக்குறைய 84.

இனி கழிப்போம். மெக்னீசியம் ஆக்சைடில் 4.5 கிலோ போய்விட்டது, மிச்சம் 5.5 கிலோ. திரவம் இப்போது 90 கிலோ. 5.5-ஐ 90-ஆல் வகுத்தால் 6.1 விழுக்காடு. 10-இலிருந்து ஒரே பாய்ச்சலில் 6.1. சிலிக்காவில் போனது 4 கிலோதான். 46-ஐ 90-ஆல் வகுத்தால் 51.1. ஆக, சிலிக்கா கொஞ்சம் ஏறியிருக்கிறது. பொட்டாசியத்தை ஆலிவின் தொடவே இல்லை, அதனால் 0.2 விழுக்காடு 0.22 ஆகிறது. இரும்பு ஆக்சைடு 8.5 கிலோ மிச்சம், விழுக்காட்டில் 9.4. பெரிய மாற்றம் இல்லை.

மெக்னீசியம் விழுந்துவிட்டது, இரும்பு கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. அப்படியானால் இந்தத் திரவத்திலிருந்து அடுத்து வரும் ஆலிவினில் இரும்பு கூடியே ஆக வேண்டும். ஆலிவினும் திரவமும் இரும்பையும் மெக்னீசியத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் விகிதம் சோதனைகளில் அளந்த ஒன்று. அணுக்களின் எண்ணிக்கையில் பார்த்தால், ஆலிவினின் இரும்பு-மெக்னீசிய விகிதம், திரவத்தின் விகிதத்தில் ஏறக்குறைய 0.3 பங்கு. அதை இங்கே பயன்படுத்தினால் புது ஆலிவினின் ஃபோ எண் 79 பக்கம் வரும். பத்தில் ஒரு பங்கு படிகமாவதற்குள் 80-களின் நடுவிலிருந்து 79-க்கு இறங்கிவிட்டது. அடுக்குப் பாறையில் மேலே ஏற ஏற ஃபோ எண் குறைவதற்கான காரணம் முழுவதும் இந்தச் சின்னக் கணக்கில் இருக்கிறது.

இன்னும் ஒரு சுற்றுப் போவோம். மிஞ்சிய 90 கிலோவிலிருந்து 20 கிலோ பிளாஜியோகிளேஸ் பிரிகிறது. அதில் இரும்பு அநேகமாக இல்லை. 8.5 கிலோ இரும்பு ஆக்சைடு இப்போது 70 கிலோ திரவத்தில் இருக்கிறது, 12.1 விழுக்காடு. ஆலிவின் பிரிந்ததால் ஏறாத இரும்பு, பிளாஜியோகிளேஸ் பிரிந்ததும் ஏறிவிட்டது. குளிரும் மாக்மா சிலிக்கா நோக்கிப் போகுமா, இரும்பு நோக்கிப் போகுமா என்று பாறையியலாளர்கள் நார்மன் போவனும் கிளாரன்ஸ் ஃபென்னரும் 1920-களின் இறுதியில் பெரிய வாதம் நடத்தினார்கள். எந்தக் கனிமம் எப்போது பிரிகிறது என்பதைப் பொறுத்து இரண்டுமே நடக்கலாம். மேக்னடைட் சீக்கிரமே வந்தால் இரும்பு போய்விடும், சிலிக்கா ஏறும். தாமதமாக வந்தால் அதுவரை இரும்பு சேர்ந்துகொண்டே இருக்கும்.

சிறிய அளவில் இருக்கும் தனிமங்களையும் மறக்க வேண்டாம், அவை இன்னும் கூர்மையாகப் பேசும். நிக்கல் ஆலிவினுக்குள் ஓடிப்போய் உட்காரும். திரவத்தில் இருப்பதைப்போல் 10 மடங்கு செறிவில் ஆலிவினுக்குள் போகிறது என்று வைத்தால், 10 விழுக்காடு படிகமாவதற்குள் திரவத்தின் நிக்கல் தொடக்கத்தில் இருந்ததில் 39 விழுக்காடாகச் சரிந்துவிடும். எந்தப் படிகமும் வேண்டாம் என்று ஒதுக்கும் தனிமத்தின் கதை இதற்கு நேர்மாறு. மாக்மாவில் பாதி படிகமானால் அது இரண்டு மடங்காகும், பத்தில் ஒன்பது பங்கு படிகமானால் 10 மடங்காகும்.

மூன்றாம் படி: படிகம் திரவத்தை எப்படிப் பிரிந்தது என்று கேளுங்கள்

கணக்கில் 'பிரிந்துவிடுகிறது' என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். உண்மையில் இதுதான் கடினமான கேள்வி. படிகம் தான் பிறந்த திரவத்தோடே இருந்தால் அதனுடன் வினைபுரிந்து தன்னை மாற்றிக்கொள்ளும், கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே மாதிரியான காப்ரோவாக, அதாவது ஆழத்தில் மெல்ல இறுகிய பெருமணிப் பாறையாக, இறுகிவிடும். அடுக்கும் இருக்காது, பரிணாமமும் நெடுந்தூரம் போகாது. படிகமும் திரவமும் பிரிந்தே ஆக வேண்டும்.

முதலில் தோன்றுவது எடை. ஆலிவினின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.3 கிராம் அளவில் இருக்கும். பசால்ட் மாக்மா 2.7 பக்கம். குரோமைட் 4.5-க்கு மேல், மேக்னடைட் 5.2. எல்லாம் மூழ்க வேண்டியவை. எரிமலைக் குழம்பில் படிகங்கள் எடையால் பிரியக்கூடும் என்று சார்லஸ் டார்வின் 1844-லேயே எழுதினார், கலாபகோஸ் தீவுகளில் பார்த்த எரிமலைப் பாறையை வைத்து. 1915-இல் போவன் ஆய்வகத்தில் சிலிக்கேட் குழம்பை உருக்கி, ஆலிவின் படிகங்கள் கலத்தின் அடியில் போய்ச் சேருவதைக் காட்டினார்.

எவ்வளவு வேகமாக மூழ்கும்? 1 மில்லிமீட்டர் ஆலிவின் மணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாக்மாவின் பாகுத்தன்மை நீரைப்போல் 1 லட்சம் மடங்கு என்று வைப்போம். திரவத்தில் மூழ்கும் மணியின் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதிப்படி அது ஒரு நாளைக்கு 28 சென்டிமீட்டர் இறங்கும். ஆமை வேகம்தான். ஆனால் ஆண்டுக்கு 100 மீட்டர் ஆகிவிடுகிறது. மணி இரண்டு மடங்கு பெரிதானால் வேகம் நான்கு மடங்கு. இதைக் குளிரும் காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெப்பம் பாறை வழியே கடத்தப்படுவதால் மட்டும் குளிர்ந்தால், 1 மீட்டர் தடிமனுக்குப் பன்னிரண்டு நாள் அளவில் ஆகும், 100 மீட்டருக்கு 300 ஆண்டு, 1 கிலோமீட்டருக்கு 30,000 ஆண்டு. தடிமன் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்கு. பாறை வெடிப்பில் மாக்மா நிரம்பி உருவான மெல்லிய டைக் ஒன்றில் படிகங்களுக்கு நேரமே கிடைப்பதில்லை. கிலோமீட்டர் கணக்கான மாக்மா அறையில் நேரத்துக்குப் பஞ்சமே இல்லை. நல்ல அடுக்குகள் பெரிய ஊடுருவல்களில்தான் (மாக்மா மற்றப் பாறைகளுக்குள் புகுந்து இறுகிய பாறைத் திரள்களில்தான்) அதிகம் கிடைக்கின்றன என்பதற்கு இது ஒரு காரணம்.

சரி, மூழ்குவதோடு கதை முடிந்ததா? இல்லை. இங்கேதான் எனக்கு இந்தத் துறை மீது ஆசை வந்தது. பிளாஜியோகிளேசின் அடர்த்தி மாக்மாவின் அடர்த்திக்கு மிக அருகில் இருக்கிறது. இரும்பு சேர்ந்த மாக்மாவில் அது மிதக்கவே வேண்டும். ஆனாலும் அடுக்கு ஊடுருவல்களின் தரையில் அது ஏராளமாகக் கிடக்கிறது. மிதக்க வேண்டியது அடியில் எப்படி வந்தது?

ஒரு விடை, படிகங்கள் மேலிருந்து விழவே இல்லை, அறையின் தரையிலேயே முளைத்தன என்பது. அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள ஸ்டில்வாட்டர் ஊடுருவலை ஆராய்ந்த ஜாக்சன் 1961-இல் அடிப்பகுதிப் படிகமாதலைப் பற்றி எழுதினார். கிரீன்லாந்துப் பாறைகளை வைத்து மெக்பிர்னியும் நாய்ஸும் 1979-இல் இதை வலுவாக வாதிட்டார்கள். இந்தப் பார்வையில் இடம்பெயர்வது படிகம் அல்ல, திரவம். தரையில் முளைக்கும் படிகங்களைச் சுற்றியுள்ள மெல்லிய திரவப் படலம் சேர்மானம் மாறி, அறையின் மற்றத் திரவத்தோடு கலந்துவிடுகிறது. இன்னொரு விடை நீரோட்டம் போன்ற மாக்மா ஓட்டம். பக்கச்சுவர் அருகே குளிர்ந்து படிகம் நிறைந்த குழம்பு ஒட்டுமொத்தமாக அடர்த்தி கூடிச் சரிந்து, தரையில் பரவிப் படிகிறது. தனியாக மிதக்கும் பிளாஜியோகிளேசும் அந்தக் கூட்டத்தோடு கீழே வந்துவிடும். மூன்றாவதாக, படிந்த குவியல் தன் எடையாலேயே அமுங்கி, இடுக்குகளில் இருக்கும் திரவத்தை மேலே பிழிந்து தள்ளும்.

புதிதாக வருபவர்கள் இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா அடுக்குக்கும் அதையே சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. நியூ ஜெர்சியில் பாலிசேட்ஸ் சில் என்ற 300 மீட்டர் அளவுத் தடிமன் கொண்ட ஊடுருவல் இருக்கிறது. பாறை அடுக்குகளுக்கு இடையே தகடு போலப் புகுந்து இறுகிய ஊடுருவலைத்தான் 'சில்' என்பார்கள். அடியிலிருந்து பத்து மீட்டர் பக்கம் ஆலிவின் செறிந்த அடுக்கு ஒன்று அதில் வருகிறது. பல பத்தாண்டுகள் அதைப் 'படிகம் மூழ்கியதற்குச் சான்று' என்று பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னால் பார்த்தவர்கள், ஆலிவின் சுமந்து தனியாக வந்த மாக்மாவின் வரவு அது என்ற விளக்கத்தை முன்வைத்தார்கள். அடியில் கனமான கனிமம் கிடக்கிறது என்பதால் மட்டும் அது மூழ்கித்தான் வந்தது என்று ஆகிவிடாது.

நான்காம் படி: குவிந்த படிகத்தையும் இடுக்கில் வளர்ந்ததையும் பிரித்துப் பாருங்கள்

கைக்கண்ணாடியோ, மெல்லிய பாறைச்சீவலை வைத்துப் பார்க்கும் நுண்ணோக்கியோ கிடைத்தால் இதைச் செய்யலாம். படங்களை வைத்தும் பழகலாம்.

குவியலில் முதலில் வந்த படிகங்கள் தங்கள் வடிவத்தை ஓரளவு காப்பாற்றிக்கொண்டிருக்கும். நேர்த்தியான முகங்கள், ஏறக்குறைய ஒரே அளவு. இவற்றைக் குமுலஸ் படிகங்கள் என்பார்கள், பாறையைக் குமுலேட் என்பார்கள். 1960-இல் வேஜர், பிரவுன், வாட்ஸ்வொர்த் மூவரும் இந்தச் சொற்களை வகுத்துக் கொடுத்தார்கள். குமுலஸ் படிகங்களுக்கு நடுவில் சிக்கிய திரவம் பின்னர் உறைந்து, கிடைத்த இடத்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டிருக்கும். ஒரே பைராக்சின் படிகம் பல ஆலிவின் மணிகளைச் சூழ்ந்து வளர்ந்திருந்தால் அந்தப் பைராக்சின் பெரும்பாலும் இடுக்குத் திரவத்தில் பிறந்ததுதான்.

இது ஏன் முக்கியம்? பாறையைப் பொடித்து மொத்தமாக வேதிப் பகுப்பாய்வு செய்தால் கிடைக்கும் எண், குமுலஸ் படிகங்களும் சிக்கிய திரவமும் கலந்த எண். அதை மாக்மாவின் சேர்மானம் என்று எடுத்துக்கொண்டால் எல்லாமே தவறிப் போகும். ஆலிவின் மட்டும் குவிந்த டூனைட் பாறையில் மெக்னீசியம் ஆக்சைடு 40 விழுக்காட்டுக்கு மேல்கூட இருக்கும். அப்படி ஒரு மாக்மா அந்த அறையில் இருந்தது என்று அதற்குப் பொருள் அல்ல. இடுக்குத் திரவம் அதிகம் சிக்கினால் ஆர்த்தோகுமுலேட், அநேகமாக எல்லாம் வெளியேறிவிட்டால் அட்குமுலேட், நடுத்தரமானால் மீசோகுமுலேட். சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எவ்வளவு திரவம் சிக்கியது என்ற கேள்வியை மட்டும் கைவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: உயரத்துக்கு எதிராக மூன்று வகை மாற்றங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் நெட்டுக் கோடு போடுங்கள். அடியில் ஊடுருவலின் அடித்தளம், உச்சியில் கூரை. அடுக்குகள் இன்று சாய்ந்திருக்கலாம், அதனால் உயரம் என்பது அடுக்குக்குச் செங்குத்தாக அளந்த தடிமன்.

முதல் வகை கண்ணுக்குத் தெரியும் மாற்றம். அடுக்குக்கு அடுக்கு கனிமங்களின் விகிதம் மாறும், கீழே கருமை, மேலே வெண்மை என்று பட்டைபட்டையாக இருக்கும். இரண்டாவது, ஒரு கனிமம் குமுலசாகப் புதிதாக வருவது அல்லது காணாமல் போவது. மூன்றாவது மறைந்திருக்கும் மாற்றம். பாறை பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் ஃபோ எண்ணும் ஆன் எண்ணும் மேலே ஏற ஏறச் சத்தமில்லாமல் இறங்கும். மாக்மாவின் நெடிய பரிணாமத்தைச் சொல்வது பெரும்பாலும் பிந்திய இரண்டும்தான். கண்ணைப் பறிக்கும் பட்டைகள் சில சமயம் உள்ளூர் ஓட்டத்தின் விளைவாக இருக்கலாம்.

இதைப் பழக ஸ்கெர்கார்டை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கிழக்கு கிரீன்லாந்தில், கங்கெர்லுசுவாக் ஃபியோர்டு அருகே இருக்கிறது. லாரன்ஸ் வேஜர் 1930-இல் அதை அடையாளம் கண்டார். 1935-36-இல் குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கி ஆய்வு நடத்தினார்கள். வேஜரும் டீரும் எழுதிய அறிக்கை 1939-இல் வந்தது. ஏறக்குறைய 5.6 கோடி ஆண்டு வயதுள்ள இந்த ஊடுருவல் பெரியது என்று சொல்ல முடியாது, 300 கன கிலோமீட்டர் அளவுதான். பெரிய அளவில் புது மாக்மா வந்து குழப்பாமல், ஒரு தடவை நிரம்பியதே குளிர்ந்து முடிந்ததாகத்தான் அதன் பதிவு தெரிகிறது. பாறைகள் தெற்கு நோக்கிச் சாய்ந்திருப்பதால், தெற்கே நடக்க நடக்க ஊடுருவலின் மேல் மட்டங்களுக்கு வந்துவிடலாம்.

தெரியும் பகுதியின் அடியில் குமுலசாக இருப்பவை பிளாஜியோகிளேசும் ஆலிவினும். ஆலிவினின் ஃபோ எண் 70-க்குச் சற்றுக் கீழே. கொஞ்சம் ஏறினால் ஆகைட் என்ற பைராக்சின் குமுலசாகிறது. அதற்கும் மேலே மேக்னடைட்டும் இல்மனைட்டும் சேர்கின்றன. அப்புறம் ஒரு வியப்பு. நடு மண்டலத்தில் ஆலிவின் குமுலஸ் பட்டியலிலிருந்தே மறைந்துவிடுகிறது. மேல் மண்டலத்தில் மறுபடி வருகிறது, ஆனால் ஃபோ எண் 40 பக்கம். பிறகு அபடைட் வருகிறது. உச்சியில் ஆலிவினின் ஃபோ எண் கிட்டத்தட்ட 0, அநேகமாகத் தூய இரும்பு ஆலிவின். பிளாஜியோகிளேஸின் ஆன் எண்ணும் 60-களிலிருந்து 30 பக்கம் இறங்கிவிடுகிறது.

நடுவில் ஆலிவின் ஏன் காணாமல் போனது? மாக்மாவில் சிலிக்கா போதிய அளவு சேர்ந்ததும், ஆலிவினுக்குப் பதில் கால்சியம் குறைந்த பைராக்சினே நிலையான கனிமமாகிறது. இரும்பு இன்னும் ஏறி ஒரு எல்லை தாண்டியதும் அந்தப் பைராக்சினால் நிலைத்து நிற்க முடிவதில்லை. அப்போது இரும்பு ஆலிவின் திரும்பி வருகிறது. ஆய்வகத்தில் போவனும் ஷேரரும் 1935-இல் வெளியிட்ட சோதனை வரைபடம் இந்த ஏற்ற இறக்கத்தை விளக்குகிறது. கலத்தில் கண்டதும் மலையில் கண்டதும் ஒன்றாகப் பொருந்தும் இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

தரையிலிருந்து மேல் நோக்கியும் கூரையிலிருந்து கீழ் நோக்கியும் பாறை வளர்ந்து, இரண்டும் சந்தித்த இடத்துக்கு ஸ்கெர்கார்டில் சாண்ட்விச் மட்டம் என்று பெயர். மாக்மாவின் கடைசிச் சொட்டுகள் உறைந்த இடம் அது. பக்கச்சுவர்களையும் பாருங்கள். அங்கே சட்டென்று உறைந்த நுண்மணிப் பாறை கிடைத்தால் அது தொடக்க மாக்மாவின் சேர்மானத்துக்கு ஒரு துப்பு. ஆனால் அக்கம்பக்கப் பாறை கலந்து அது கெட்டிருக்கவும் கூடும், ஒரே மாதிரியை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

ஆறாம் படி: கதை திரும்பி ஓடும் இடங்களைத் தேடுங்கள்

மேலே ஏறும்போது ஃபோ எண் இறங்க வேண்டும் என்றோம். திடீரென்று ஏறினால்? அறைக்குள் புதிய, சூடான, பரிணமிக்காத மாக்மா வந்து சேர்ந்திருக்கிறது என்பதே முதலில் எழ வேண்டிய சந்தேகம். ஸ்காட்லாந்தின் ரம் தீவில் இது கண்ணுக்கே தெரியும். ஏறக்குறைய 6 கோடி ஆண்டு பழைய அந்த ஊடுருவலின் கிழக்குப் பகுதியில், அடியில் ஆலிவின் செறிந்த பெரிடோடைட், மேலே பிளாஜியோகிளேஸ் செறிந்த பாறை என்ற ஒரே அமைப்பு சுமார் 15 தடவை திரும்பத் திரும்ப வருகிறது. பெரிடோடைட் மலைச்சரிவில் எளிதில் அரிந்து பள்ளமாகிறது, மேலே இருப்பது படிக்கட்டு போல நீட்டிக்கொண்டு நிற்கிறது.

புது மாக்மா வரவு இல்லாமல் தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டைப் புரிந்துகொள்ளவே முடியாது. ஏறக்குறைய 205 கோடி ஆண்டு வயது, 7 முதல் 9 கிலோமீட்டர் தடிமன், உலகின் மிகப் பெரிய அடுக்கு ஊடுருவல். அங்கே ஒரு மீட்டர் அளவிலான குரோமைட் அடுக்குகள் பல கிலோமீட்டர் தூரம் தொடர்ந்து போகின்றன. ஒரு மீட்டர் குரோமைட்டுக்கு எவ்வளவு மாக்மா வேண்டும்? குரோமைட் அடுக்கின் ஒரு கன மீட்டரில் குரோமியம் ஆக்சைடு 1,700 கிலோ அளவுக்கு இருக்கும். ஒரு கன மீட்டர் மாக்மாவின் எடை 2,700 கிலோ. அது தன் எடையில் 0.05 விழுக்காட்டைக் குரோமியம் ஆக்சைடாகக் கொடுத்தால் வெறும் 1.35 கிலோ. அப்படியானால் அந்த ஒரு மீட்டர் அடுக்குக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்துக்கு மாக்மா நின்றிருக்க வேண்டும், அல்லது அந்த இடம் வழியாக ஓடிப்போயிருக்க வேண்டும். அதுவும் ஆலிவினோ பைராக்சினோ கலக்காமல் குரோமைட்டை மட்டும் விட்டுக்கொண்டு.

குரோமைட்டை மட்டும் எப்படி விடும்? பழைய மாக்மாவும் புது மாக்மாவும் கலந்தால், கலவை சிறிது நேரம் குரோமைட் மட்டுமே படிகமாகும் எல்லைக்குள் போய்விழும் என்று இர்வின் 1977-இல் விளக்கினார். சுற்றுப் பாறையிலிருந்து சிலிக்கா கரைந்து கலந்தாலும் இதே விளைவு வரலாம் என்பது அவர் 1975-இல் சொன்னது. அழுத்த மாற்றம்தான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. வாதம் இன்னும் முடியவில்லை.

பிளாட்டினமும் இந்தத் திருப்பங்களோடு சேர்ந்தே கிடக்கிறது. மாக்மாவில் கந்தகம் கரையும் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால், நீரில் எண்ணெய்த் துளி பிரிவது போல, சல்ஃபைடுத் துளிகள் தனித் திரவமாகப் பிரியும். பிளாட்டினமும் பல்லேடியமும் சிலிக்கேட் திரவத்தை விட்டுப் பல ஆயிரம் மடங்கு செறிவில் அந்தத் துளிகளுக்குள் போய்ச் சேரும். ஒரு துளி எவ்வளவு அதிக மாக்மாவைத் தொட்டுச் செல்கிறதோ அவ்வளவு செழிப்பாகும். 1924-இல் ஹான்ஸ் மெரென்ஸ்கியின் தேடலில் வெளிப்பட்ட மெரென்ஸ்கி ரீஃப் இப்படிப்பட்ட மெல்லிய அடுக்குதான். ஸ்டில்வாட்டரின் ஜே-எம் ரீஃபும் இந்த வகை.

புஷ்வெல்டின் மேல் மண்டலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மேக்னடைட் அடுக்குகள் இருக்கின்றன. கீழே உள்ளவற்றில் வனேடியம் ஆக்சைடு 2 விழுக்காடு அளவுக்கு இருக்கும், உச்சியை நெருங்கும்போது அரை விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். நிக்கலை ஆலிவின் அள்ளிக்கொண்டது போல வனேடியத்தை மேக்னடைட் அள்ளிக்கொள்கிறது. இரண்டாம் படியில் போட்ட கணக்குதான் இங்கே மலை அளவில் நிற்கிறது.

ஏழாம் படி: 'கீழே இருப்பது பழையது' என்பதையும் சோதியுங்கள்

நான் சொன்னது அனைத்தும், மாக்மா நிறைந்த ஒரு பெரிய அறை கீழிருந்து மேலே படிந்தது என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. அண்மைக் காலத்தில், பாறையின் வயதை அளக்க உதவும் சிர்கான் என்ற கனிமத்தின் படிகங்களை மிகத் துல்லியமாக வயது பார்த்த சிலர், புஷ்வெல்டின் சில அடுக்குகள் தமக்கு மேலே உள்ளவற்றை விட இளையவை என்று முடிவு சொன்னார்கள். அது சரியானால் அந்த அடுக்குகள் பின்னால் பக்கவாட்டில் நுழைந்த சில்கள். வேறு சிலர் பாறைகளின் தொடர்ச்சியைக் காட்டி, பெரிய அறை இருந்ததுதான் என்று எதிர்வாதம் வைக்கிறார்கள். நீங்கள் படிக்கும் எந்த ஊடுருவலிலும் அடுக்கின் எல்லையைக் கவனியுங்கள். கீழ் அடுக்கை அரித்து, பள்ளம் தோண்டி மேல் அடுக்கு உட்கார்ந்திருக்கிறதா, மேலும் கீழும் இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் வெட்டினால் பின்னால் நுழைந்தது என்ற சந்தேகம் வலுக்கும்.

பயிற்சிக்கு ஒன்று செய்யுங்கள். ஸ்கெர்கார்டுக்கும் ரம் தீவுக்கும் வெளியான அளவீடுகளில் உயரம், ஆலிவினின் ஃபோ எண், பிளாஜியோகிளேசின் ஆன் எண் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தாளில் உயரத்தை நெட்டில், எண்களைக் குறுக்கில் வைத்துப் புள்ளியிடுங்கள். ஸ்கெர்கார்டின் கோடு இடப்பக்கம் சரிந்துகொண்டே ஏறும், ஆலிவின் இல்லாத நடுப்பகுதியில் ஒரு வெற்றிடத்தோடு. ரம் தீவின் புள்ளிகள் அப்படி நெடுந்தூரம் சரியாமல், முன்னும் பின்னும் அசைந்துகொண்டே மேலே போகும். அந்த அசைவு ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். புது மாக்மாவா, சிக்கிய திரவம் படிகத்தின் எண்ணைப் பின்னால் மாற்றியதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதுதான் உங்கள் அடுத்த வேலை.